உன் மகளின் அழைத்தல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்காதே, ஒரு டாக்டரிடம் காட்டு. அண்ணன் ரிட்டையர் ஆனதும் ஊரோடு வந்துவிடுகிறார் என்பது நிம்மதி.

அப்புறம், உன் மகள் விஷயம். நர்சிங் முடித்த கையோடு கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள், அவளுக்காகச் சேர்த்த நகையைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறாய். நான் மடத்துக்குக் கிளம்பியபோது எங்கள் அம்மாவும் அப்படித்தான் அழுதார்கள். உன்னை அழாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆண்டவர்தான் கூப்பிடுகிறார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. நவதுறவில், அதாவது மடத்தின் தொடக்கப் பயிற்சிக் காலத்தில், எங்களுக்கு இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரை வைத்துத்தான் இதைச் சொல்லித் தந்தார்கள். 1521-இல் ஸ்பெயினின் பாம்பலோனா நகரில் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, சொந்த ஊரான லொயோலாவில் வீட்டோடு படுத்துக் கிடந்தார். படிக்க வீரசாகசக் கதைப் புத்தகங்கள் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் இருந்தவை இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். போரையும் அரசவையையும் நினைத்தால் அப்போதைக்கு இனிக்கும், பிறகு மனம் வறண்டுவிடும். புனிதர்களைப் போல வாழ்ந்தால் என்ன என்று நினைத்தபோது வந்த மகிழ்ச்சியோ, அந்த நினைப்பு போன பிறகும் தங்கியது. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் வழி கண்டார். தேர்ந்து தெளிதல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

கல்லூரி நாளில் சனிக்கிழமை தோறும் தொழுநோய் இல்லத்துக்குப் போவேனே, நினைவிருக்கிறதா? மரத்துப்போன பாதங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைக் கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். முள் குத்தினாலும் அவர்களுக்கு உறைக்காது என்பதால் விரலிடுக்கெல்லாம் நாம்தான் பார்க்க வேண்டும். முதலில் எனக்குக் குமட்டியது. ஆனால் கல்யாண வீட்டில் உங்களோடு சிரித்துக்கொண்டிருக்கும்போதும், அந்தப் பாட்டியின் புண் ஆறியிருக்குமா என்றே மனம் ஓடும். அது எனக்குப் பாரமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அங்கேதான் நான் என்னைக் கண்டுகொண்டேன்.

உன் மகளிடமும் இதையே கேள். மடத்தைப் பற்றி நினைத்துவிட்டு வார்டு வேலைக்குத் திரும்பும்போது மனம் எப்படி இருக்கிறது? மனக்கசப்புக்கோ நைட் டியூட்டி அலுப்புக்கோ தப்பி வருகிறாள் என்றால், மடம் அதைத் தீர்க்காது. இதை அவளிடம் சொல்லத் தயங்காதே.

போனால் திரும்ப வழியில்லை என்றும் பயப்படாதே. நவதுறவே குறைந்தது ஓராண்டு. அதற்குள் எந்த நாளும் வீட்டுக்கு வந்துவிடலாம். அதன் பிறகு துறவியாக வாழக் கடவுளுக்கு வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் குறைந்தது 3 ஆண்டுகள் அப்படி வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் திரும்பிப் போய்க் குடும்பமாக நன்றாக இருக்கிறார்கள். அதுவும் அழைத்தல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வா. சில நாள் தங்கி எங்களோடு வேலை செய்யட்டும். தனிமையாக இருக்குமா என்று கேட்டாலும் ஒளிக்க மாட்டேன். இருக்கும், சில இரவுகள் மிகவும் இருக்கும். அதையும் தெரிந்துகொண்டே அவள் முடிவெடுக்கட்டும்.

அன்புடன்,
உன் தோழி