பெனால்டியை வெளியே அடித்த கழகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் பாதி உங்களுக்குக் கேட்பதில்லை, மீதியை அம்மா இடையில் புகுந்து சாப்பாட்டுக் கதையாக்கி விடுகிறா. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் புரியாவிட்டால் தங்கச்சி வாசித்துக் காட்டட்டும்.

வேலை அதே பெற்றோல் செட்தான், பெரும்பாலும் இரவு. ஏ3 பெருந்தெருவில் விடிய விடிய வாகனம் ஓய்வதில்லை. குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால், நான் எழும்பிக் குளித்து வர வெளிச்சம் போய்விடுகிறது. சம்பளத்தில் பெரிய பங்கை அறை வாடகை கொண்டுபோகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. எங்கட ஆட்களின் கடைகளில் முருங்கைக்காய், ஒடியல் மா எல்லாம் இருக்கிறது, விலையைத்தான் கேட்கக்கூடாது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு லீவு கிடைத்தால் போய்வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "லண்டனில் இருந்துகொண்டு ஒரு நல்ல உதைபந்தாட்டம் பார்க்கவில்லையா?" என்று கேட்டீர்கள். ஆர்சனல், செல்சி ஆட்டம் என்றால் முதலில் காசு கட்டி அங்கத்தவராக வேண்டும், அதற்குப் பிறகும் ரிக்கெட் கிடைப்பது நிச்சயமில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் வேலை இல்லையென்றால் நான் பந்தடி பார்க்கத்தான் போகிறேன். கழகத்தின் பெயர் கொரிந்தியன்-கஷுவல்ஸ். பிரீமியர் லீக்கிலிருந்து ஏழெட்டுப் படி கீழே ஆடுகிறவர்கள். டொல்வேர்த் என்ற இடத்தில், கிங் ஜோர்ஜஸ் ஃபீல்ட் என்ற மைதானம்.

எங்கள் செட்டுக்கு விடியற்காலையில் பாலும் பேப்பரும் வாங்க வரும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்தான் என்னை அங்கே இழுத்துப் போனார். அந்தக் கழகத்தில் சம்பளமில்லாத வேலைக்காரர் அவர். வலை கட்டுவது, கொடி நடுவது, வாசலில் ரிக்கெட் கிழிப்பது, எல்லாம் செய்வார். உங்களைப் போலத்தான்: கழகக் கதை கேட்டால் வீட்டுக்குப் போக மறந்துவிடுவார். அவரிடம் கேட்டதையும், பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் உங்களுக்கு எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

இது இரண்டு கழகங்கள் ஒன்றானது. கொரிந்தியன் 1882-இல் தொடங்கியது, கஷுவல்ஸ் 1883-இல், இரண்டும் சேர்ந்தது 1939-இல். கொரிந்தியன் ஏன் தொடங்கியது தெரியுமா? ஸ்கொட்லாந்திடம் இங்கிலாந்து 1881-இல் 6-1, அடுத்த வருடம் 5-1 என்று உதை வாங்கியது. ஸ்கொட்லாந்துக்காரர் ஒரே கழகத்தில் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள், இங்கிலாந்துப் பெடியள் அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆகவே நல்ல ஆட்டக்காரரை ஒன்றாக்கி அடிக்கடி ஆடவைக்க வேண்டும் என்று லேன் ஜாக்சன் என்பவர் இதை உருவாக்கினார். எஃப்.ஏ. எனப்படும் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் துணைச் செயலாளர் அவர். உங்களுக்குத் தெரியாததா, செயலாளர்மார் நினைத்தால்தான் எதுவும் நடக்கும்.

நடந்தது. 1884-இல், அந்த வருடம் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற பிளாக்பேர்ன் ரோவர்ஸை 8-1 என்று அடித்தார்கள். 1894-இலும் 1895-இலும் வேல்ஸுக்கு எதிராக இறங்கிய இங்கிலாந்து அணியின் பதினொரு பேரும் கொரிந்தியன்காரர்கள்தான். 1904-இல் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு 11-3. தம்பி யுனைட்டெட் சட்டையோடு திரிகிறானே, அவனுக்கு இதை இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் இவ்வளவு ஆடியும் கிண்ணம் எதற்கும் போட்டியிட மாட்டோம் என்று தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். எஃப்.ஏ. கிண்ணத்துக்குக்கூட 1923-இல்தான் இறங்கினார்கள். காசு வாங்கி ஆடுவது அறவே இல்லை. அப்புறம் பெனால்டி விஷயம். 1891-இல் அந்த விதி வந்தபோது இவர்களுக்குப் பெரிய கோபம். ஒரு கனவான் வேண்டுமென்றே காலை வாருவான் என்று நினைத்து ஒரு சட்டமா, இது எங்களுக்கு அவமானம் என்றார்கள். தங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தால் கோல்காப்பாளர் ஒதுங்கி நின்று கோலை விட்டுக்கொடுப்பாராம். தங்களுக்குக் கிடைத்தால் பந்தை வெளியே அடித்துவிடுவார்களாம். எங்கள் சனசமூக நிலைய இறுதியாட்டத்தில் ஒரு பெனால்டிக்காக நீங்கள் மத்தியஸ்தரோடு வேலிவரை சண்டைக்குப் போனதை நினைத்துச் சிரித்தேன், கோபிக்க வேண்டாம்.

பெரியவர் இந்தக் கதையைச் சொல்லும்போது கண் கலங்கும். எனக்கு அவ்வளவு கலங்கவில்லை. யார் அப்பா இவர்கள்? ஈட்டன், சாட்டர்ஹவுஸ் போன்ற பெரிய வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களிலும் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜிலும் படித்தவர்கள். சி. பி. ஃப்ரை என்று ஒருவர், இங்கிலாந்தின் கிரிக்கெட் தலைவர், நீளம் பாய்தலில் உலக சாதனையைச் சமன் செய்தவர், சசெக்ஸ் அணியில் இந்தியாவிலிருந்து வந்த நம்ம ரஞ்சித்சிங்ஜியோடு துடுப்பெடுத்தவர். அவரும் கொரிந்தியன்காரர்தான். இவர்களுக்கு சனிக்கிழமை ஆடினால் ஒரு சதமும் நட்டமில்லை. இங்கிலாந்தின் வடக்கே பருத்தி ஆலையில் வேலை செய்தவனுக்கு அப்படியா? ஆட்டத்துக்குப் போனால் கூலி போகும், காலை உடைத்துக்கொண்டால் குடும்பமே பட்டினி. அவன் காசு கேட்டதை இவர்கள் இழிவாகப் பார்த்தார்கள். 1885-இல் சங்கமே காசு வாங்குவதைச் சட்டப்படி ஏற்றுக்கொண்ட பிறகும் இவர்களின் முகம் சுளிப்பு மாறவில்லை. பெருந்தன்மைக்கும் சட்டைப்பையில் காசு வேண்டும்.

இனித்தான் கதையின் நல்ல பகுதி. இவர்கள் கப்பலேறி ஊர் ஊராக ஆடப் போனார்கள், தென்னாபிரிக்கா, ஐரோப்பா என்று. 1910-இல் பிரேசில். ரியோவில் ஃபுளூமினென்ஸ் கழகத்துக்கு 10-1 போட்டுவிட்டு சாவோ பாவுலோவுக்கு வந்தார்கள். அங்கே இவர்களின் ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போன தொழிலாளர் சிலர், பொம் ரெத்திரோ என்ற பேட்டையில், 1910 செப்டம்பர் முதலாம் திகதி தங்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கி இவர்களின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதுதான் கொரிந்தியான்ஸ். பெரிய இடத்துப் பிள்ளைகளின் பெயரைத் தொழிலாளிகள் எடுத்துக்கொண்டு, அதை உலகப் பெயராக்கிவிட்டார்கள். கோடிக்கணக்கான ரசிகர் அவர்களுக்கு. 2012-இல் கழகங்களுக்கான உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் செல்சியை 1-0 என்று வென்றதும் அவர்கள்தான். செல்சி மைதானம் இங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். தாய்க்கழகமோ டொல்வேர்த்தில் வேலி ஓரத்தில் தேத்தண்ணி விற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் இவர்களின் கதை இறங்குமுகம்தான். 1914-இல் திரும்பவும் பிரேசிலுக்குப் புறப்பட்டபோது உலகப்போர் வெடித்தது. ஆடாமலே திரும்பிவந்து படையில் சேர்ந்தார்கள். கனபேர் போரிலிருந்து வரவில்லை. அதற்குப் பிறகு பழைய பலம் இல்லை. 1939-இல் கழகங்கள் சேர்ந்த கையோடு அடுத்த போர். 1950களில் ஓவல் கிரிக்கெட் மைதானத்தில் ஆடினார்கள், உங்களுக்குத் தெரிந்த அதே ஓவல்தான். 1956-இல், காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கான அமெச்சூர் கிண்ண இறுதியாட்டம்வரை வந்து, வெம்பிளியில் சமநிலை, மறு ஆட்டத்தில் பிஷப் ஓக்லாண்ட் கழகத்திடம் தோல்வி. பிறகு சொந்த மைதானம் இல்லாமல் அங்கும் இங்கும் அலைந்து, 1988-இல்தான் டொல்வேர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதே வருடம் சாவோ பாவுலோவுக்கு அழைப்பு வந்தது. பக்கேம்பு மைதானத்தில் கொரிந்தியான்ஸோடு ஒரு ஆட்டம். சோக்ரடீஸ் ஞாபகமிருக்கிறதா அப்பா, தாடி, தலையில் பட்டி, 1982 உலகக் கிண்ணத்தில் பிரேசில் அணித் தலைவர், டொக்டருக்குப் படித்தவர்? அவர் கொரிந்தியான்ஸுக்காக ஒரு கோல் அடித்துவிட்டு, கடைசி நேரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு இவர்கள் பக்கம் வந்து ஆடினாராம். 2015-இல் திரும்பவும் கூப்பிட்டார்கள், உலகக் கிண்ணத்துக்குக் கட்டிய புது அரங்குக்கு. 3-0 தோல்வி. ஆனால் தோற்றுவிட்டு வந்தவர்களை அங்குள்ள சனம் எழுந்து நின்று கைதட்டி அனுப்பியதாகப் பெரியவர் சொன்னார். அந்தக் கதையின்போது எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை.

இங்கே வாசலில் நின்றால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். போன மாதம் ஒரு பிரேசில் குடும்பம் வந்தது. தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் கொரிந்தியான்ஸின் கறுப்பு வெள்ளைச் சட்டை. விமானத்தில் வந்திறங்கி, லண்டன் பாலத்தையும் அரண்மனையையும் விட்டுவிட்டு நேரே டொல்வேர்த். தகப்பன்காரன் புல்லைத் தொட்டுக் கும்பிடாத குறை. அவர்களோடு படம் எடுக்க நின்ற இடது பக்கப் பின்வரிசைப் பெடியன் அப்போதுதான் வேலையிலிருந்து ஓடிவந்தவன். களிசானில் சுவர்ப் பெயின்ட் காயவில்லை. பையிலிருந்து சொக்லேட் நிறமும் இளஞ்சிவப்பும் கலந்த கழகச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் படத்துக்கு நின்றான். பார்க்க இனிப்புக் கடைப் பெட்டி மாதிரி இருக்கும் அந்தச் சட்டை, கஷுவல்ஸின் பழைய நிறம்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். 1974-இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டையே சங்கம் எடுத்துவிட்டது. இந்த மட்டத்திலும் ஆட்டக்காரருக்குக் கிழமைக் காசு கொடுப்பது வழமையாகிவிட்டது. இவர்கள் இன்னும் கொடுப்பதில்லை. அன்றைக்குக் காசுக்காரர் காசு வேண்டாம் என்றதில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு ஓடிவரும் பெடியன், பக்கத்துக் கழகத்துக்குப் போனால் கையில் ஏதாவது கிடைக்கும் என்று தெரிந்தும் இங்கே ஆடுகிறானே, அவனிடம் அதே விதி வேறு விதமாக இருக்கிறது. நல்லாக ஆடுகிறவன் ஒருவன் தலையெடுத்தால் மற்றக் கழகங்கள் தூக்கிக்கொண்டு போய்விடும். அடுத்த வருடம் புதுப் பெடியளோடு தொடங்க வேண்டும். இது சரிவருமா என்று பெரியவரிடம் கேட்டேன். "தோற்றுப் பழகிவிட்டோம்" என்று சொல்லிவிட்டு மூலைக்கொடியைச் சரிசெய்யப் போய்விட்டார்.

அன்றைய ஆட்டமும் தோல்விதான். ஒரு பெனால்டி கிடைத்தது. ஒதுங்கல், வெளியே அடித்தல் ஒன்றும் இல்லை, நேராக வலைக்குள் போட்டார்கள். சனம் துள்ளியது, பிரேசில்காரரும் சேர்ந்து துள்ளினார்கள்.

மற்றது, நம்ம ஊர்க் கழகத்துக்குப் புது வலை வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் அதற்கு வேறாகக் காசு அனுப்புகிறேன், அம்மாவின் மருந்துக் காசோடு கலக்க வேண்டாம். கணக்கைக் கொப்பியில் எழுதி வையுங்கள், பிறகு பொதுக்கூட்டத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. உங்கள் அணியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அலுமாரிக்குள் இருந்ததே, தங்கச்சியிடம் சொல்லி அதைப் போனில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறுங்காலோடு நிற்கிறவர்கள் யார், யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று பெயர்களையும் எழுதி அனுப்புங்கள். பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்