குதிரையைக் காணாத பிள்ளைகளும் குதிரைப் பழமொழிகளும்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகும் இந்நேரத்தில் ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன்.

'வாய்க்குக் கடிவாளம் போடு' என்பதைத் தரம் 8 மாணவர்கள் பிழையில்லாமல் வாக்கியத்தில் அமைக்கிறார்கள். கடிவாளம் எப்படியிருக்கும் என்று கேட்டால் வகுப்பில் பதில் இல்லை. வேட்டைத் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் மரக்குதிரையைத் தவிர அவர்கள் வேறு எந்தக் குதிரையைக் கண்டார்கள்?

கரும்பலகையில் குதிரையின் தாடையை வரைந்து காட்டினேன். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத வெளியொன்று உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் கிடக்கும். வாரை இழுத்தால் நாக்கையும் ஈறையும் அழுத்தும். அந்த அழுத்தத்துக்குத்தான் அத்தனை பெரிய மிருகம் நிற்கிறது, திரும்புகிறது. பிறகு 'கொள்ளென்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளமென்றால் வாயை மூடுமாம்' என்ற பழமொழியைச் சொன்னேன். "அப்ப குதிரை செய்தது சரிதானே சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குதிரை நமக்குக் கடல்வழி வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கியவற்றைப் பட்டினப்பாலை 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்கிறது. அனுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனனும் குத்திகனும் குதிரை வணிகர் ஒருவரின் மக்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. உழவர் வீட்டுக்கோ மாடுதான் எல்லாம். தானமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்று ஆங்கிலேயர் சொல்லும் இடத்தில், 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்கிறோம் நாம். இரண்டும் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கும் வழக்கத்தில் பிறந்தவை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் அப்பாமார் இதை மாட்டின் வாயைத் திறந்தே காட்டலாம்: ஏறத்தாழ 2 வயதில் கீழ்த்தாடையின் நடுப் பால்பல் இரண்டும் விழுந்து பெரிய பல் முளைக்கும். பிறகு சோடி சோடியாக மாறி, எட்டுப் பல்லும் நிறைய 4, 5 வயதாகும். எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது.

அம்மம்மா, அப்பப்பா வாயில் வரும் குதிரை, மாடு, தோணிப் பழமொழிகளைப் பிள்ளை கேட்டு எழுதட்டும். எந்த வேளையில், யாரைப் பார்த்து அப்படிச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் சொல்வதே எங்களுக்கு முதன்மையானது. அவர்கள் பேச்சை நூல்தமிழுக்குத் திருத்த வேண்டாம். கொப்பிகளை வரும் வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ப்பாட ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
அதிபர்