அம்புக்குறி போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நுண்சுருதிகளை, அதாவது பியானோவின் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே விழும் சுருதிகளை, நொட்டேஷனில் (மேற்கத்திய இசைக்குறிப்பில்) எழுதுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "ஓர் அம்புக்குறி போதும், வாசிப்பவருக்குப் புரிந்துவிடும்." எழுதியவருக்குப் புரிந்திருக்கும், சரி. வாசிக்கிறவன் நான்.

அம்பு மேலே பார்த்தால் சிலருக்குக் குவார்ட்டர் டோன், அதாவது 50 சென்ட் ஏற்றம் (பியானோவில் பக்கத்துக் கட்டைக்குப் போனால் 100 சென்ட்). சுத்தமான இடைவெளிகளை எழுதும் ஹெல்ம்ஹோல்ட்ஸ்-எல்லிஸ் முறையில் பழகியவருக்கு அதே அம்பு சின்டானிக் கமா என்ற சின்ன இடைவெளி, சுமார் 22 சென்ட். வேறு சிலருக்கு 'கொஞ்சம் தூக்கி வாசி', அவ்வளவுதான். தங்களுக்குத் தெரியாததா?

ஒரு ஒத்திகையில் எனக்கும் வயோலாக்காரருக்கும் ஒரே ஸ்வரம், 440 ஹெர்ட்ஸில் நிற்கும் ஏ. தலையில் ஓர் அம்பு. நான் 50 சென்ட் ஏற்றினேன், அவர் ஒரு கமா ஏற்றினார். எனக்கு 453, அவருக்கு 446. இரண்டும் மோதி நொடிக்கு ஏழு தடவை 'வவ்வவ்வவ்' என்று அடித்தது. அரை மணி நேரம் ஒருவர் காதை மற்றவர் சந்தேகப்பட்டோம். இசையமைத்தவரைக் கேட்டால், "உணர்ந்து வாசியுங்கள்" என்கிறார். உணர்ந்துதானே ரெண்டு பேரும் வாசித்தோம்!

அம்புக்குப் பதில் சென்ட் எண்ணே போட்டுவிடலாம் என்பார்கள். வேகமான இடத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கு மேலும் −14, −31 என்று இருந்தால் வில்லைப் பிடிப்பதா, கூட்டிக் கழிப்பதா? 1885-இல் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் சென்ட் கணக்கைக் கொடுத்தது அளந்து பார்க்க, ஓடுகிற ஓட்டத்தில் வாசிக்க அல்ல.

ஆக்டேவை (ஒரு ஸ்தாயியை) 24 சம பாகமாக்கி எழுதுகிறவருக்கு, 50 சென்ட் இறக்கத் திருப்பிப் போட்ட ஃப்ளாட் குறியும் 50 சென்ட் ஏற்ற ஒற்றைக்கோட்டு ஷார்ப் குறியும் தாராளம். சுத்தமான மூன்றாவது, ஏழாவது ஸ்வரம் கேட்கிறவருக்கு அது பற்றாது. எதையாவது எடுங்கள், முதல் பக்கத்திலேயே சொல்லித் தொலையுங்கள் என்றுதான் கெஞ்சுகிறோம்.

அப்புறம், பழைய கணக்கு ஒன்று. முன்பு நீங்கள் வெளியிட்ட ஒரு இசைக்குறிப்பில், திருப்பிய ஃப்ளாட்டை அச்சுப்பிழை என்று நினைத்து யாரோ நேராக்கிவிட்டார். 50 சென்ட் இறங்க வேண்டிய ஸ்வரம் 100 இறங்கிவிட்டது. அப்போதே கடிதம் போட்டேன். பதில் வராததால், தங்கள் பத்திரிகையில் அதுவே வழக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி நொட்டேஷன் அச்சிடும்போது, எந்தக் குறி எத்தனை சென்ட் என்று கீழே ஒரே ஒரு வரி போடுங்கள். ஃப்ளாட் திரும்பியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிவரும் ஒரு வயலின்காரன்