பதினாறாவது கேள்வி

வெள்ளவத்தை,
வியாழன் இரவு

அன்பின் மச்சான்,

உன் இரண்டு கடிதங்களும் மேசையில் கிடக்கின்றன. நான்கு மாதம் பதில் போடாமல் இருந்தது பிழைதான், மன்னித்துக்கொள். அம்மாவின் கண் ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கீழ்வீட்டு அன்ரி இன்னும் உன் கலியாணத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார், நீதான் வந்து பதில் சொல்ல வேண்டும். சரி, அதெல்லாம் இருக்கட்டும். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் 1.40க்கு எங்கள் பிள்ளைகள் விண்வெளி நிலையத்தோடு கதைத்தார்கள்.

போன கார்த்திகையில் எழுதினேனே, நான் உதவிக்குப் போகிற பள்ளிக்கூடத்துக்காக அரிஸ் என்ற தொண்டர் அமைப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்று. அது கிடைத்துவிட்டது. விண்வெளி நிலையத்தில் ஒரு ஹாம் ரேடியோ இருக்கிறது, உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக ஆட்கள் ஒருவரோடொருவர் கதைக்கிற ரேடியோ. அதை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே இருப்பவர்களோடு கதைக்க வைப்பதற்காக உலகம் முழுக்கத் தொண்டர்கள் ஓடித் திரிகிறார்கள். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் பள்ளிக்கூடம் கதைத்தது, அமெரிக்காவில். அன்று தொடங்கிய வேலை இன்னும் நிற்கவில்லை. எங்களுக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் அமெரிக்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு மனிதர். நமக்கு 1.40 என்றால் அவருக்கு விடியற்காலை 4.10. அந்த நேரத்துக்கு எழும்பி, முகம் கழுவி, எங்கள் பிள்ளைகளுக்காக லைனில் வந்து இருந்தார். ஒரு சதம் வாங்கவில்லை, மச்சான். இதற்கு முன் எங்களை அவருக்குத் தெரியவும் தெரியாது.

செயற்கைக்கோளைத் துரத்தித் திரும்புகிற அன்டெனா நம்மிடம் இல்லை. அதனால் டெலிபிரிட்ஜ் முறைதான். அவுஸ்திரேலியாவில் ஒரு ஹாம் தன் அன்டெனாவால் நிலையத்தைப் பிடிப்பார், அங்கிருந்து தொலைபேசி வழியாகக் குரல் எங்கள் மண்டபத்துக்கு வரும். நிலையம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் ஓரிடத்தின் அடிவானத்தில் ஏறி மற்றப் பக்கம் இறங்கப் பத்து நிமிடம்தான் எடுக்கும். மேலிருந்து குரல் வருவது 145.800 மெகாஹெர்ட்ஸில். நிலையம் கிட்ட வரும்போது அந்த அலைவரிசை கொஞ்சம் ஏறி, விலகிப் போகும்போது இறங்கும். பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! கடைசியில் எல்லாரையும் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், நிற்காமல் போகிற ரயிலின் ஹோர்னைக் கேட்கவைத்தேன். உடனே விளங்கிவிட்டது.

1983 கதையையும் சொன்னேன். அந்த ஆண்டைச் சொன்னால் நம் ஆட்களுக்கு ஆடி மாதக் கலவரம்தான் நெஞ்சில் வரும், எனக்கும் அப்படித்தான். ஆனால் அதே ஆண்டு நவம்பர் கடைசியில் ஓவன் கரியட் என்பவர் கொலம்பியா விண்கலத்தில் ஒரு சின்ன ரேடியோவைக் கொண்டுபோய், பூமியில் இருந்த ஹாம்களோடு கதைத்தார். ஜோர்தான் மன்னர் ஹுசைனும் ஒரு ஹாம், அவரோடும் கதைத்தார். விண்வெளியில் இருந்து ஹாம் ரேடியோவில் வந்த முதல் குரல் அதுதான். நாம் வீடு வாசலை விட்டுக் கப்பலில் வடக்கே போன வருடத்தில் இப்படியும் ஒன்று நடந்திருக்கிறது என்று நினைக்க எனக்கு ஏதோ செய்தது.

அன்றைக்கு மண்டபத்தில் முந்நூறு பேர். மைக்கில் இரையும் என்பதால் மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். வியர்வை வழிய வழிய ஒரு பிள்ளைகூட அசையவில்லை. முதலில் வெறும் இரைச்சல். அவுஸ்திரேலியக்காரர் ஒரு தரம் கூப்பிட்டார், இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் அந்த இரைச்சலுக்குள் இருந்து ஒரு மனிதக் குரல் எழும்பி வந்தது, மச்சான்! பக்கத்தில் நின்ற சயன்ஸ் ரீச்சர் என் கையைப் பிடித்துவிட்டார்.

மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள், வரிசையாக நிற்கவைத்திருந்தோம். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கதைக்க முடியாது, கேள்வி முடிந்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அங்கே கதைக்கிற பொத்தானை அழுத்துவார்கள். இரண்டு மாதம் பழக்கியும் நான்காவது பையன் பதற்றத்தில் 'ஓவரை' மறந்துவிட்டான், அதில் சில விநாடி போனது. ஒரு பதில் நீண்டுவிட்டது. பதினைந்தாவது கேள்விக்குப் பதில் வரும்போதே குரல் கரகரக்கத் தொடங்கியது. பதினாறாவது பிள்ளை மைக்கைப் பிடித்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அழகாக 'ஓவர்' சொன்னாள். பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. நிலையம் இறங்கிவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். அதிபர் பேசினார், படம் எடுத்தார்கள், ரோல்ஸும் பட்டீஸும் கொடுத்தார்கள். அவள் மேடைக்குப் பக்கத்தில், கேள்வி எழுதிய கடதாசியை எட்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று மூன்று நாளாக நினைக்கிறேன். வரிசையைப் போட்டவன் நான். கடைசியில் நிற்பவர்களுக்கு நேரம் கிடைக்காமல் போகலாம் என்று எனக்குத் தெரியும், வழிகாட்டி முன்கூட்டியே சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டே இங்கிலிஷ் மீடியம் பிள்ளைகளை முன்னால் விட்டேன். தமிழ் மீடியத்தில் இருந்து வந்த மூன்று பேரையும் 16, 17, 18 என்று பின்னுக்குப் போட்டேன். தடுமாறி நேரத்தைப் போக்கிவிடுவார்கள் என்ற பயம். கடைசியில் தடுமாறியது அவர்கள் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வந்து, ஒரு ஒத்திகைகூடத் தவறவிடாத பிள்ளை அவள்.

அவளுடைய கேள்வி இதுதான்: மேலே இருந்து மின்னல் தெரியுமே, இடி கேட்குமா?

அவளிடம் போய், 'அங்கே காற்று இல்லை, அதனால் இடிச்சத்தம் போய்ச் சேராது அம்மா' என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, 'அது எனக்குத் தெரியும் சேர். அவர் சொல்லிக் கேட்க வேணும்' என்றாள்.

உனக்கு அந்த இரவு ஞாபகம் இருக்கும். யுத்த காலம், பற்றரிக்குத் தடை, பெரியம்மா வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நீ பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாட, நான் ஊசியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிபிசி தமிழோசையில் உன் அண்ணா நின்ற ஊரின் பெயர் வந்த நேரம் பார்த்து சங்கிலி கழன்றது. மிச்சம் கேட்கவில்லை. விடியும்வரை நீ ஒன்றும் பேசவில்லை. மடித்த கடதாசியோடு அவள் நின்றபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

திரும்பவும் விண்ணப்பம் போடுவேன். ஆனால் அது கிடைக்க எவ்வளவு காலமோ, அதற்குள் அவள் ஓ லெவல் முடித்துப் போய்விடலாம். அதுவரைக்கும் ஒரு வழி யோசித்திருக்கிறேன். தென்னிந்தியாவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் நேரடியாகக் கதைக்கும்போது நிலையம் நம் வானத்திலும் இருக்கும், மேலிருந்து வரும் குரலை இங்கேயே பிடிக்கலாம். இரும்பு அளவு நாடாவை வெட்டி, பிவிசி குழாயில் பூட்டினால் கையில் பிடித்து நிலையத்தின் பக்கம் நீட்டுகிற ஒரு யாகி அன்டெனா தயார். சனிக்கிழமை அந்த மூன்று பிள்ளைகளையும் எங்கள் மொட்டைமாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வெட்டுவது, பூட்டுவது, ஈயம் ஒட்டுவது எல்லாம் அவர்களே செய்யட்டும். அவளுடைய கேள்வியை வழிகாட்டிக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன், மேலே சேர்ப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டு. இன்னும் பதில் வரவில்லை.

நீ நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாய்தானே? பெரியம்மா வீட்டுக் கொட்டிலில் அந்த டைனமோ கிடக்கிறதா என்று பார். இருந்தால் துருவைத் துடைத்து, பேப்பரில் சுற்றி, கொழும்புக்கு வரும்போது கொண்டுவா. அந்தச் சங்கிலி கழன்ற கதையை நீயே அவளுக்குச் சொல்ல வேண்டும், நான் சொன்னால் சரியாக வராது.

அன்புடன்,
ரவி