பாரா பார்க்க இன்னும் ஓர் ஆள்

டெக்சாஸ்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னான். கண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம், இந்தக் கடிதத்தை அம்மா படித்துக் காட்டட்டும்.

முன்பு ஒருமுறை ‘ஷெரிஃப்’ என்றால் நம் ஊர் எஸ்.பி. மாதிரியா என்று கேட்டீர்கள். அன்று எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நேற்று எங்கள் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃபுக்கு நடந்த பாராட்டுக்குப் போய்விட்டு வந்தேன். இரவு படுத்தும் உங்கள் நினைவாகவே இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எஸ்.பி.யை அரசு நியமிக்கும், அரசே மாற்றும். ஷெரிஃபை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆளுநர் நினைத்தாலும் அவரை வேறு ஊருக்குத் தூக்கிப் போட முடியாது. டெக்சாஸில் 254 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷெரிஃப். ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேர். மேற்குக் கோடியில் இருக்கும் லவ்விங் கவுண்டியில் 64 பேர். இரண்டு இடத்திலும் பதவி ஒன்றுதான். நகர எல்லைக்கு வெளியே ரோந்து, நீதிமன்றக் காவல், சம்மன் சார்வு செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கவுண்டி சிறை. நம் ஊரில் சிறைத்துறை தனி. இங்கே பிடித்து வருபவரும் அவர்தான், அடைத்து வைத்துச் சோறு போடுபவரும் அவர்தான்.

ஷெரிஃபுகளுக்கு 1874ஆம் ஆண்டு முதல் ஒரு மாநிலச் சங்கம் இருக்கிறது. போலீசுக்குச் சங்கமா என்று நீங்கள் வியப்பது எனக்குத் தெரிகிறது. சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் நடக்கும், அதிகபட்சம் 140 நாள். சிறைக்கும் ரோந்துக்கும் என்ன தேவை என்று அந்த நாட்களுக்குள் தலைநகர் ஆஸ்டினுக்குப் போய்ப் பேசியாக வேண்டும். சங்கம் அந்த வேலையைச் செய்கிறது. இந்த ஆண்டு அதற்குத் தலைவராக எங்கள் ஷெரிஃபைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எத்தனையோ பெரிய கவுண்டிகள் இருக்க, மருத்துவமனைக்கே 40 மைல் போக வேண்டிய எங்கள் ஊர்க்காரருக்கு அந்த இடம் கிடைத்தது.

அவரை எனக்கு 2021 பிப்ரவரியிலிருந்து தெரியும். அந்தப் பனியில் மாநிலத்தில் பல இடங்களில் மின்சாரம் போய், 200 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாள் விளக்கில்லை, குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது, பாப்பாவுக்கு ஏழு மாதம். அம்மா கொடுத்தனுப்பிய கம்பளியை எல்லோரும் சேர்ந்து போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் இரவு கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஷெரிஃபே நிற்கிறார், தோளில் விறகுக்கட்டு. முதலில் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, பாப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். “பாதம் சூடாக இருக்கிறது, பயமில்லை” என்றார். அதன் பிறகுதான் எங்கள் பெயரைக் கேட்டார். எனக்கு இங்கே ஓட்டு இல்லை அப்பா. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பாராட்டு, கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் கூடும் மன்றத்தில் நடந்தது. நீதிமன்றம் என்றே அதற்குப் பெயர், ஆனால் வழக்கு நடக்காது. கவுண்டி நீதிபதியும் நான்கு கமிஷனர்களும் உட்கார்ந்து வரவு செலவு பார்க்கும் இடம். எழுத்தர் அம்மாள் தீர்மானத்தை நின்றுகொண்டு வாசித்தார். ஷெரிஃப் தொப்பியைக் கையில் பிடித்து, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே தலை குனிந்து நின்றார். எல்லோரும் எழுந்து கை தட்டினோம். கண்ணாடிச் சட்டமிட்ட தாளை வாங்கிக்கொண்டு, “நன்றி. என் சிறையில் இரவு பாராவுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும்” என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

மன்றம் அமைதியாகிவிட்டது. இது பட்ஜெட் போடும் மாதம். ஷெரிஃபை மக்கள் தேர்ந்தெடுத்தாலும் பணப்பை கமிஷனர்கள் கையில்தான். மாலை போட வந்தவர்கள் முன்னால் அவர் தனக்காக எதுவும் கேட்கவில்லை, பாராவுக்கு ஆள் கேட்டார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காரணம் உங்களுக்குச் சொன்னால் புரியும். இங்கே சிறையில் அடைபட்டவர்களை மணிக்கு ஒரு தடவையாவது நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது விதி. மனநோய் உள்ளவர், உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடியவர் என்றால் அரை மணிக்கு ஒரு தடவை. 2015ஆம் ஆண்டு சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண்ணைச் சாலையில் நிறுத்திப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் வாலர் கவுண்டி சிறையில் பிணமாகக் கிடந்தார். மாநிலமே கொதித்தது. 2017இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. சிறையில் யார் இறந்தாலும் வெளியார்தான் விசாரிக்க வேண்டும், பாரா பார்த்ததற்கு மின்கருவியில் பதிவு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு வரும் குடும்பங்களில், அரசு மனநல மருத்துவமனையில் படுக்கைக்காகச் சிறையிலேயே மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளின் தாய்மார்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளை விடியும் வரை உயிரோடு இருப்பது, இரவில் கம்பிக்கு முன்னால் வந்து நிற்கும் அந்த ஓர் ஆளின் கையில் இருக்கிறது.

லாக்கப்பில் வேட்டியைக் கிழித்துக் கழுத்தில் சுருக்கிட்டுக்கொண்டவரை, பாராவிலிருந்த நீங்கள் ஓடிப் போய்க் காலைத் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றினீர்களே, அவர் வருடா வருடம் பொங்கலுக்கு வாழைத்தார் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். அதற்காக உங்களுக்கு ஒரு சான்றிதழும் வந்ததில்லை. நேற்று அந்தத் தாளை வாசித்தபோது எனக்கு அந்த வாழைத்தார்தான் கண்ணில் நின்றது.

அம்மாவுக்கு ஒரு செய்தி. டெக்சாஸின் முதல் பெண் ஷெரிஃப் எம்மா பானிஸ்டர். 1918இல் கோல்மன் கவுண்டி ஷெரிஃபாக இருந்த கணவர் இறந்ததும் அவரையே அந்தப் பதவியில் அமர்த்தினார்கள். அதற்கு முன்பே சிறைக் கட்டடத்தில் குடியிருந்து, கணவரின் அலுவலக வேலையையும் கைதிகளின் சாப்பாட்டையும் கவனித்தவர் அவர். மீதிக் காலத்தை முடித்துக்கொடுத்துவிட்டு, தேர்தலில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காவலர் குடியிருப்பில் நீ பட்ட பாடு அவருக்குப் புரிந்திருக்கும் அம்மா.

கூட்டம் முடிந்து கேக் வெட்டினார்கள். பாப்பாவை ஷெரிஃபுக்கு அடையாளம் தெரிந்தது. என் அப்பாவும் ஏட்டாக இருந்தவர், ராத்திரி பாரா பார்த்தவர் என்று சொன்னேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று, “உங்கள் அப்பா ஸ்டேஷனில் இரவில் எத்தனை பேர் இருப்பார்கள்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்கள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கண் சரியானதும் நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள். நான் ஆங்கிலத்தில் எழுதி, பட்ஜெட் முடிவாவதற்குள் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்