ஆங்கிலப் பாடத்தில் அணி: பெயரோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கும் இந்தப் பருவத்தில், ஆங்கிலப் பாட்டு வரிகளில் உள்ள அணிகளை அடையாளம் காண நம் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழின் வழியாக ஆசிரியர்களின் கவனத்துக்கும் பாடநூல் எழுதுவோரின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். ஈரோடு மாவட்டத்தில் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்.

ஒரு வரியைக் கொடுத்து, அதில் வந்துள்ள அணி எது என்று கேட்பது வினாத்தாளின் வழக்கம். பக்கத்து வீட்டு மாணவி அண்மையில் தன் கைடைக் கொண்டுவந்து காட்டினாள். ‘லைக்’ அல்லது ‘ஆஸ்’ வந்தால் சிமிலி, உயிரில்லாதது ஏதாவது செய்தால் பெர்சானிபிகேஷன், ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் அலிட்டரேஷன் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இரட்டைக் கோடு போட்டிருந்தாள். இந்தக் குறிப்பு சில மதிப்பெண்களைப் பெற்றுத் தரலாம். ஆனால் சற்றே மாறுபட்ட வரி வந்தால் கைவிட்டுவிடும். ‘ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்’ என்பதில் ‘லைக்’ இருக்கிறது, சிமிலி இல்லை. மகனும் தந்தையும் ஓரினம்; வேறுபட்ட இரண்டு பொருள்களுக்கு இடையே எதிர்பாராத ஒற்றுமை ஒன்றைக் காட்டினால்தான் அது உவமை. ‘அண்ணனைப் போலத் தம்பியும் உயரம்’ என்ற வாக்கியத்தை உவமையணி என்று தமிழ் வகுப்பில் எந்தப் பிள்ளையும் எழுதமாட்டாள். அதே பிள்ளை ஆங்கில வகுப்பில் ‘ஆஸ்’ என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் சிமிலி என்று எழுதிவிடுகிறாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். அணிகளைப் பற்றிய அறிவு நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பொருளணிகள் 35 என்று அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வகுத்துச் சொல்கிறது. அவற்றுள் பலவற்றைப் பத்தாம் வகுப்புக்குள் அவர்கள் படித்துவிடுகிறார்கள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். இருந்தும் இரண்டு பாடவேளைகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

சந்திக்க வைக்கும்போது கவனமும் வேண்டும். ரைம் என்றால் எதுகை என்று பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது பொருந்தாது. எதுகை இரண்டாம் எழுத்தில் அமைவது. ஆங்கிலப் பாட்டின் அடி இறுதியில் வரும் ஓசை ஒற்றுமைக்கு நம்மிடம் நெருங்கி நிற்பது இயைபுத் தொடை. மோனைக்கும் அலிட்டரேஷனுக்கும் உறவு அதைவிட நெருக்கம். ஆனாலும் தமிழில் சகரத்துக்குத் தகரம் இன மோனையாக வரும். ஆங்கிலத்தில் ஒலி ஒன்றாகவே இருக்க வேண்டும். அங்கே கணக்கு ஒலிக்குத்தான், எழுத்துக்கு அல்ல. ‘சிட்டி’யும் ‘கேட்’டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகா, ‘ஃபோன்’, ‘ஃபயர்’ இரண்டும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கினாலும் ஆகும். வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் தேடும் பிள்ளைக்கு இது ஒருநாளும் பிடிபடாது.

ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றைக் குறிக்கும் மெட்டானிமி, பகுதியின் பெயர் முழுமையைக் குறிக்கும் சினெக்டகி என்றதும் மாணவர்கள் மிரள்கிறார்கள். இவை நம் ஆகுபெயருக்கு நெருங்கியவைதான். ‘ஈரோடே திரண்டு வந்தது’ என்று நாம் சொல்வது இடவாகுபெயர்; ‘தலைக்கு ஒரு பழம் கொடு’ என்பது சினையாகுபெயர். கப்பலில் ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்று கூவும்போது கைகள் என்பது மாலுமிகளைக் குறிக்கிறதே, அதுவும் இதே சினையாகுபெயர்தான். ஆகுபெயரை நாம் அணியதிகாரத்தில் படிக்காமல் சொல்லிலக்கணத்தில் படிப்பதால் இந்த உறவு யாருக்கும் தோன்றுவதில்லை. நன்னூல் எழுதிய பவணந்தியாரைப் பெருந்துறைக்கு அருகேயுள்ள சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர் வகுத்துத் தந்ததை நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்திலும் எடுத்துப் பயன்படுத்தினால் அந்தப் பெருமைக்கு இன்னும் பொருள் இருக்கும்.

எல்லா அணிக்கும் நேருக்கு நேர் இணை கிடைக்காது என்பதையும் சொல்லித்தர வேண்டும். மதுரை மதில்மேல் காற்றில் அசையும் கொடிகள் ‘வாரல்’ என்று கோவலனுக்கும் கண்ணகிக்கும் கைகாட்டி மறித்தன என்கிறது சிலப்பதிகாரம். இதைப் பெர்சானிபிகேஷன் என்றால் தவறில்லை, ஆனால் பாதிதான் சொன்னதாகும். இயல்பாக நிகழும் அசைவின்மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். அதனால் இது தற்குறிப்பேற்றம். இயற்கையின்மீது மனித உணர்வை ஏற்றிச் சொல்வதற்கு ஆங்கிலத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1856-இல் ‘பதெடிக் ஃபாலஸி’ என்று பெயரிட்டு, அதைப் பெரிதும் குறையாகவே எடுத்துப் பேசினார். நம் மரபு அதையே அழகாகக் கொண்டாடுகிறது. இந்த வேறுபாட்டைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குச் சொன்னால் வகுப்பே விழித்துக்கொள்ளும்.

அணியின் பெயரைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற தோரு தத்தின் சவுக்கு மரக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். 21 வயதில் மறைந்த அந்த வங்கப் பெண், மரத்தைச் சுற்றி ஏறும் கொடியைப் பெரிய மலைப்பாம்பு போலச் சுற்றுகிறது என்கிறார். சிமிலி என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கொடியின் பிடியில் வேறெந்த மரமும் பிழைக்காது என்று சொல்லிவிட்டு, இந்த மரமாகிய அரக்கன் மட்டும் அதைக் கழுத்துத் துண்டாக மிடுக்குடன் அணிந்திருக்கிறான் என்று தொடர்கிறார் கவிஞர். மலைப்பாம்பு உவமையாக வந்தது. துண்டு உருவகமாக வருகிறது. ‘போல’ என்ற சொல் உதிர்ந்த இடத்தில் அச்சமும் உதிர்ந்து, உயிரைக் குடிக்க வந்தது அணிகலன் ஆகிவிடுகிறது. அடுத்து வரும் ‘கிரிம்சன் கிளஸ்டர்ஸ்’ என்ற செம்பூங்கொத்துகளின் அலிட்டரேஷன் அந்த அணிகலனுக்கு ஒலியும் சேர்க்கிறது. உவமையிலிருந்து உருவகத்துக்கு ஏன் மாறினார் என்று கேட்டுவிட்டால், மரத்தின் வலிமை முழுதும் அந்த மாற்றத்தில் இருப்பதைப் பிள்ளைகள் தாமாகவே சொல்வார்கள். கைடில் அந்த விடை கிடைக்காது.

முரணணிக்கு நம் மண்ணிலேயே நல்ல சான்று உண்டு. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்காகப் பாடிய ‘கத்தியின்றி ரத்தமின்றி யுத்தமொன்று வருகுது’ என்ற அடியை அறியாதவர் யார்? கத்தியும் ரத்தமும் இல்லாமல் யுத்தம் எப்படி என்று கேட்கத் தோன்றும் அந்தக் கணத்தில்தான் அகிம்சையின் பொருள் மனத்தில் இறங்குகிறது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட் பிரிவை ‘ஸ்வீட் ஸாரோ’, அதாவது இனிய துயரம் என்கிறாள். இரண்டே சொற்களுக்குள் முரண் அடங்கிவிடுவதால் அது ஆக்சிமோரான். நாமக்கல் கவிஞரின் அடியில் ஒரு கூற்றாகவே முரண் விரிவதால் அது பாரடாக்ஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இந்த வேறுபாட்டுக்கு வரையறை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சொல் ஒன்றும் கருத்து அதற்கு எதிராகவும் நிற்கும் ஐரனி மட்டும் கடினம்தான், ஏனென்றால் அதற்கு அடையாளச் சொல் எதுவும் கிடையாது. ‘தேவர் அனையர் கயவர்’ என்று வள்ளுவர் தொடங்கும்போது புகழ்வதுபோல் இருக்கிறது. அவர்களும் தாம் விரும்பியதையே செய்து திரிவார்கள் என்று முடிக்கும்போதுதான் வசை தெரிகிறது. வாக்கியம் முடியும்வரை காத்திருக்கும் பழக்கத்தை இந்தக் குறளைக் கொண்டே பழக்கலாம்.

பாட்டோடு இது முடிவதில்லை. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் உலகம் உறங்கும்போது இந்தியா விழித்தெழும் என்றார் நேரு. இங்கே நள்ளிரவு என்றால் அமெரிக்காவில் பகல். உலகம் முழுதும் உறங்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? உறக்கத்தையும் விழிப்பையும் எதிரெதிரே நிறுத்திய அந்த ஆன்டிதீசிஸ் செய்தியைவிட உணர்ச்சியை முன்னே வைக்கிறது. விளம்பரமும் தேர்தல் மேடையும் இதே கருவிகளைத்தான் கையாளுகின்றன. கேட்பவர் எங்கே காரணம் சொல்லப்படுகிறது, எங்கே ஓசையால் இழுக்கப்படுகிறோம் என்று பிரித்தறியப் பள்ளியிலேயே பழக வேண்டும்.

எனவே என் வேண்டுகோள்கள் இவை. அணியின் பெயரைக் கேட்கும் வினாவோடு, அந்த அணி அவ்விடத்தில் என்ன செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் விடை கேட்கும் வினாவும் சேர்க்கப்பட வேண்டும். ஆங்கிலப் பாடநூலின் அணிப் பகுதியில் இணையான தமிழ் எடுத்துக்காட்டு ஒன்றும், அது எங்கே பொருந்தாது என்ற குறிப்பும் அச்சிடப்பட வேண்டும். பள்ளிகளில் மாதம் ஒரு பாடவேளையாவது தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை, தலைமையாசிரியர் மனம் வைத்தால் போதும். தங்கள் நாளிதழும் மாணவர்களுக்கான பக்கத்தில் வாரம் ஓர் ஆங்கில வரியையும் ஒரு தமிழ் வரியையும் சேர்த்து வெளியிட்டு, மாணவர்களிடமிருந்து விளக்கம் கேட்கலாம். அவ்வாறு செய்ய முன்வந்தால் முதல் சில வாரங்களுக்கு வரிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.