திரும்பி வந்த கணப்புகள்

நாட்டிங்ஹாம்
ஜூன் 12

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண்ணில் புரை எடுத்த பிறகு எழுதும் முதல் கடிதம் எனக்குத்தான் என்று போட்டிருந்தாய். எழுத்து பழையபடி வட்ட வட்டமாக, வரி கோணாமல் இருக்கிறது. சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடாமல் போடு.

இரண்டாம் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. உங்கள் செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தில், அந்த வளவில், நிற்கும் தூண்களை எண்ணிப் பார்க்க ஆள் வந்து போனதாகவும், முகப்பு நிலைக்குத் தனி விலை பேசியதாகவும், வீட்டில் பங்குள்ள ஐந்து புள்ளியில், அதாவது ஐந்து குடும்பத்தில், மூன்று புள்ளி விற்கச் சம்மதித்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் நாலு நாள் பேனாவையே தொடவில்லை. அப்புறம் சனிக்கிழமை ஓர் இடத்துக்குப் போய்வந்தோம். அங்கே நின்றபோதெல்லாம் உன் வீடுதான் ஞாபகம். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் என்று ஒரு சின்ன ஊர். அங்கே செங்கல்லால் கட்டிய பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. மகள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். காலையில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். போகப் போக மேடு என்பதே இல்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே சமம், வயலுக்கு நடுவே வாய்க்கால். நெல்லுக்குப் பதில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சமவெளியில் தூரத்திலிருந்தே அந்தக் கோபுரம் தெரிந்தது. தன்னந்தனியாக, சிவப்பாக, நூறு அடிக்கும் மேல் உயரம். நாலு மூலையிலும் எண்கோணத்தில் நாலு சின்னக் கோபுரங்கள். பேத்திதான் முதலில் பார்த்துக் கத்தினாள்.

கட்டியவர் ரால்ஃப் குரோம்வெல். ஆறாம் ஹென்றி மன்னருக்கு 1433லிருந்து 1443 வரை பொருளாளர், அதாவது நாட்டின் கஜானாவே அவர் கையில். அங்கே முன்பே 1231இல் எழும்பிய கல்கோட்டை ஒன்று இருந்தது. இவர் 1430களில் தொடங்கி அதைப் பெரிதாக்கி, நடுவே இந்தக் கோபுரத்தை எழுப்பினார். கோட்டைக்குச் சுமார் 7 லட்சம் செங்கல் ஆனதாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் செங்கல் அவ்வளவு சகஜமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்த பணக்காரர்களின் புது ஆசை. கோட்டையின் கணக்குகளில் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் செங்கல் சூளைக்காரர் பெயர் பால்டுவின் என்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் போலிருக்கிறது, பெயரோடு 'டோச்மன்' என்று ஒட்டியிருக்கிறது. வள்ளி, அந்த ஒரு பெயரில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். உங்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு அரைத்துப் பூசியவர்களில் ஒருவர் பெயராவது உனக்குத் தெரியுமா? ஐயா வைத்திருந்த கணக்கு நோட்டுகளில் இருக்கலாம். அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே.

பெயர்தான் கோட்டை, உள்ளே போனால் வீடு. தரைத்தளத்திலேயே பெரிய பெரிய ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். போருக்குக் கட்டுகிறவர் அப்படி வைப்பாரா? சுற்றி இரண்டு அகழி, உச்சியில் எதிரி தலையில் கொட்டத் துவாரம், எல்லாம் உண்டு. ஆனால் பார்க்கிறவர் வாய் பிளக்கத்தான் அவ்வளவும் என்று எனக்குத் தோன்றியது. மாடிக்கு மாடி ஒரே ஒரு பெரிய கூடம், மூலைக் கோபுரங்களில் சின்ன அறைகள். கீழே ஊர்க்காரர்களுக்கு, அதற்கு மேல் விருந்துக்கு, அதற்கும் மேல் அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கென்று. மேலே போகப் போக உள்ளே விடப்படுகிறவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உங்கள் வீட்டில் படுக்கையில் நீட்டி வைத்ததை இங்கே நெட்டுக்குத்தாக அடுக்கியிருக்கிறார்கள். 1984இல் உன் கல்யாணத்துக்கு வந்தபோது எந்தக் கட்டு வரைக்கும் போகலாம் என்று தெரியாமல் நான் பட்டாலைக் கூடத்திலேயே நின்றேனே, ஆயா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்களே!

மேலே ஏற ஒரே ஒரு சுழல் படிக்கட்டு, 149 படி. என் முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனால் சுவரிலேயே கல்லைக் குடைந்து கைப்பிடி செய்திருக்கிறார்கள். கையை உள்ளே வைத்தால் ஏற்கெனவே ஆயிரம் பேர் பிடித்து வழவழவென்று ஆன பள்ளம். அதைப் பிடித்துக்கொண்டே உச்சி வரை போய்விட்டேன். மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். மேலே நல்ல காற்று. வானம் தெளிவாக இருந்ததால் வடமேற்கே லிங்கன் தேவாலயம் பென்சில் முனை மாதிரி தெரிந்தது. பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருப்பதால் அவ்வப்போது போர் விமானம் ஒன்று காதைக் கிழித்துக்கொண்டு போகும். பேத்தி ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்திக்கொண்டாள்.

நான் சொல்ல வந்தது கணப்புகளைப் பற்றி, குளிருக்கு நெருப்பு மூட்டச் சுவரில் வைக்கும் அடுப்புகள். நாலு கூடத்திலும் ஆளுயரத்துக்கு மேல் வெள்ளைக்கல்லில் செதுக்கிய கணப்புகள் இருக்கின்றன. அவர் குடும்பச் சின்னங்கள், மனைவி மார்கரெட் பிறந்த வீட்டின் சின்னம், நடுநடுவே பணப்பை. பொருளாளர் என்பதற்கு அடையாளம் அது. கூடவே பிரெஞ்சில் அவருடைய முத்திரை வாக்கியம்: 'எனக்கு உரிமை இல்லையா?' என்று அர்த்தம். அவருக்குப் பிள்ளை இல்லை. 1456இல் போய்ச் சேர்ந்தார். கோட்டை பல கை மாறி, 1693க்குப் பிறகு குடியிருப்பே இல்லாமல் போனது. சுற்றியிருந்த கட்டடங்களை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள், கோபுரத்தின் கூரையும் மாடித் தரைகளும் விழுந்தன, கீழே மாடு கட்டினார்கள். சுவரும் அந்த நாலு கணப்பும்தான் மிச்சம்.

1911இல் அவற்றுக்கும் ஆபத்து வந்தது. கோட்டை வியாபாரிகள் கைக்குப் போய், கணப்புகளைச் சுவரிலிருந்து பெயர்த்து, அமெரிக்காவில் விற்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தடுக்கச் சட்டம் இல்லை. சொத்து அவர்களுடையது, எனக்கு உரிமை இல்லையா என்று அவர்கள் கேட்டாலும் யாராலும் பதில் சொல்ல முடியாது. கோபுரத்தையே கல் கல்லாகக் கழற்றிக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அப்போது அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது யார் தெரியுமா? கர்சன் பிரபு. நாம் சரித்திரப் பாடத்தில் 1905 வங்காளப் பிரிவினை என்று எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அதே கர்சன்.

அந்தப் பெயரைச் சுவரில் பார்த்ததும் மனசு முதலில் ஒப்பவில்லை. வங்காளத்துக்கு அவர் செய்ததை நான் மறக்கவும் இல்லை. ஆனால் 1904இல் இந்தியாவில் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். தனியார் சொத்தாக இருந்தாலும் பழைய கட்டடத்தை அழிய விடாமல் அரசு தலையிட அதில் வழி இருந்தது. அவருடைய சொந்த நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இருந்த 1882ஆம் ஆண்டுச் சட்டம், சொந்தக்காரர் இஷ்டப்பட்டால்தான் செல்லும். டாட்டர்ஷாலில் பட்ட பிறகு பிரபுக்கள் சபையில் அவர் இதற்காக நின்றார். 1913இல் புதுச் சட்டம் வந்தது, கட்டாயமாகப் பாதுகாக்க அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. நம் நாட்டில் முதலில் செய்ததை இங்கே பிறகு செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கணப்புகளை நாடு முழுக்கத் தேடி, கடைசியில் லண்டனில் கண்டுபிடித்தார்கள். கர்சன் பணம் கொடுத்து அவற்றை மீட்டார். ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்து, எந்தச் சுவரிலிருந்து பெயர்த்தார்களோ அதே சுவரில் பொருத்தினார்கள். வில்லியம் வியர் என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கூரை போட்டு, ஓக் மரத்தில் தரைகள் அமைத்து, அகழியை மறுபடி வெட்டி, 1914இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1925இல் கர்சன் இறந்தபோது கோட்டையை, பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார். இன்றைக்கும் அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதல் மாடிக் கணப்பின் ஓரத்தில் கல் கொஞ்சம் உடைந்திருந்தது. அது பெயர்த்தபோது உடைந்ததா, இருநூறு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்ததில் உடைந்ததா, எனக்குத் தெரியாது. அதை விரலால் தடவிக்கொண்டே உங்கள் நிலையை நினைத்தேன். மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளி, கீழே உன் ஆத்தா வெள்ளிக்கிழமைதோறும் வைத்த மஞ்சள் ஊறிக் கருத்த இடம். அதை வாங்கி ஒரு ஓட்டல் வரவேற்பறையில் நிறுத்தினால் அந்த மஞ்சள் கறையைச் சுரண்டிப் பாலிஷ் போட்டுவிடுவார்கள். வாங்குகிறவருக்கு அது நல்ல தேக்கு, அவ்வளவுதான்.

உங்கள் பங்காளிகளைக் குறை சொல்லவில்லை. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பெங்களூரில். ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும்போது பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு யார் போடுவார்கள்? 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று நீதான் எழுதினாய். அந்தப் பட்டியல் வந்து உன் தூணைப் பிடித்து நிறுத்தப் போவதில்லை. கர்சன் மாதிரி வசதியுள்ளவர் யாரும் வரப்போவதும் இல்லை. இருந்தாலும் இன்னும் இரண்டு புள்ளி கையெழுத்துப் போடவில்லை, அதில் ஒன்று நீ. அதனால் கேட்கிறேன்.

முதலில், பிள்ளைகளை விட்டு ஒவ்வொரு தூணையும் நிலையையும் அது நிற்கும் இடத்திலேயே போட்டோ எடுக்கச் சொல். உயரம், சுற்றளவு, எந்தக் கட்டில் எத்தனையாவது என்று எழுதிவை. கழற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டாலும் எது எங்கே நின்றது என்பது தெரியும். டாட்டர்ஷாலில் கணப்புகள் திரும்பி வந்தபோது அவற்றுக்கான இடம் சுவரில் காலியாகக் காத்திருந்தது. இரண்டாவது, வீட்டைப் பிரிக்காமல் வாடகைக்கு எடுத்து நடத்த ஆள் வருகிறார்களா என்று விசாரி. உங்கள் பக்கம் சில வீடுகள் விடுதியாகி, ஓடு ஒழுகாமல், விளக்கெரிந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். சிங்கப்பூர் அண்ணனிடம் நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். கல்யாணத்தில் அவர் பந்தியில் எனக்கு மூன்று தடவை கவுனி அரிசி போட்டார், மறந்திருக்க மாட்டார்.

இங்கே மற்றபடி விசேஷம் இல்லை. மகளுக்கு வேலை மாற்றம் வரும்போல் இருக்கிறது. பேத்தி வந்ததிலிருந்து அட்டைப்பெட்டியில் நாலு மூலைக் கோபுரம் செய்துகொண்டிருக்கிறாள், சிவப்பு வர்ணம் என் புடவையில் கொஞ்சம். அவளைக் கூட்டிக்கொண்டு தை மாதம் வருகிறேன், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தால் உங்கள் வளவில்தான் படுப்போம், பாய் போதும்.

அதுவரைக்கும் நிலைக்கு விலை பேசியவருக்குப் பதில் சொல்லாதே.

உன்
உமா